பிஸ்கட் லோரிக்காரர் பதில்கள்

சுங்கை சிப்புட்டில் ஒரு வாரமாக மழை விடவில்லை. கடிதங்கள் பாதி நனைந்துதான் வந்தன. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி அறிமுகம்: 1983 முதல் 2014 வரை பேராக் தோட்டக் கடைகளுக்கு லோரியில் பிஸ்கட் டின் போட்டவன் நான். சமையல் படித்தவனில்லை. கடை கடையாக நின்று, கொடுத்ததையெல்லாம் வாயில் போட்டுப் பார்த்தவன். பதில் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான்.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் "அசல் குலா மலாக்கா" வெல்லம் என்று சொல்லி விற்றார்கள். வாங்கிப் பாயசம் வைத்தேன். வெறும் சீனித் தண்ணீர் மாதிரி இருந்தது. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?
*வாசகி, சுங்கை பட்டாணி*

நானும் இதில் ஏமாந்தவன்தான் அம்மா. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சில வருடத்துக்கு முன்னால் தெற்கே ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது சாலையோரக் கடையில் பத்து உருளை வாங்கினேன். விலை மலிவு. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வீட்டில் என் மனைவி ஒன்றை அம்மியில் வைத்துக் குழவியால் தட்டினாள். கருங்கல் மாதிரி "டக்" என்று இரண்டாகப் பிளந்தது. உடைந்த பக்கத்தில் சீனிப் பரல் மினுமினு என்று தெரிகிறது. ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கல்கண்டுக்குச் சாயம் அடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். மிச்சம் ஒன்பது உருளையும் ஒரு வருடம் காப்பிக்குத்தான் ஆயிற்று.

குலா மலாக்கா என்பது தென்னம்பாளையைச் சீவி, வடியும் பதநீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் குழம்பாக்கி, மூங்கில் குழாயில் ஊற்றி ஆறவைப்பது. அந்த உருளை வடிவம் மூங்கில் கொடுத்தது. ஒரு பானைப் பதநீர் வற்றிக் கடைசியில் கையளவு வெல்லம்தான் மிஞ்சும். விறகும் நேரமும் அதிகம். அதனால் சீனியைக் கலந்து கட்டும் பழக்கம் வந்துவிட்டது.

கடையில் நின்று பார்க்க மூன்று வழி வைத்திருக்கிறேன். நகத்தால் அழுத்துங்கள், நல்ல சரக்கு லேசாகப் பதியும், நம் ஊர் ஈரக் காற்றில் கையில் ஒட்டும். மோந்து பாருங்கள், புகையும் தென்னம்பாளையும் கலந்த வாசம் உறையைத் தாண்டி வரும். பாக்கெட் என்றால் பின்பக்கம் படியுங்கள். "குலா பாசிர்" என்று இருந்தால் சீனி போட்டோம் என்று அவர்களே எழுதிக் கொடுத்த மாதிரி. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சீனியைக் கருக்கினால் யாரும் கறுப்பாக்கலாம்.

இன்னொன்று. நம் பனங்கருப்பட்டி சாப்பிட்டவர்களுக்கு இது அந்நியமில்லை, ஒன்று பனை, ஒன்று தென்னை. சரவாக்கில் நீப்பா மரத்துப் பதநீரில் எடுக்கும் குலா அப்போங் இருக்கிறதே, அது மூன்றாவது சகோதரன். உப்புத் தண்ணீர்ச் சேற்றில் வளரும் மரம், அதனாலோ என்னவோ இனிப்புக்கு அடியில் ஒரு சின்ன உப்பு. யாராவது கூச்சிங் போனால் ஒரு டப்பா வாங்கி வரச் சொல்லுங்கள். பசியாறும்போது தோசைக்குத் தொட்டுப் பாருங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

பாயசத்துக்கு ஒரு குறிப்பு: வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில், முடிச்சுப் போட்ட பாண்டான் (ரம்பை) இலையோடு கரைத்து வடிகட்டுங்கள். நாரும் தூசியும் நிச்சயம் இருக்கும். அடுப்பை அணைத்த பிறகு தேங்காய்ப்பால் விடுங்கள். பசும்பால் கொதிக்கும்போது வெல்லத்தைப் போட்டால் திரிந்துவிடும்.

செண்டோல் இனிப்பில் போடும் மாவு இழை ஏன் அவ்வளவு பச்சை? சாயமா?
*மாணவி, தைப்பிங்*

பாண்டான் இலையை அரைத்துப் பிழிந்த பச்சை, இலைப் பச்சையாகத்தான் இருக்கும், கொஞ்சம் மங்கல். விளையாட்டுச் சட்டை மாதிரி ஜொலித்தால் சாயம். சாயம் போட்டதையும் நான் சாப்பிட்டிருக்கிறேன், வெயில் அப்படி.

மகனுக்கு ஏழாவது பிறந்தநாள். மார்ஷ்மெல்லோவும் ஜெல்லியும் கேட்கிறான். வீட்டில் மாட்டிறைச்சி தொடுவதில்லை. பாக்கெட்டில் ஹலால் முத்திரை இருக்கிறது, வாங்கலாம்தானே?
*ஒரு தாய், கூலிம்*

இதை என்னிடம் கேட்காதவர்களே இல்லை தங்கச்சி. லோரியில் மிட்டாய்ப் பெட்டியும் ஏற்றியவன் என்பதால் சொல்கிறேன். ஹலால் முத்திரை பன்றி இல்லை, முறைப்படி அறுத்தது என்று சொல்லும். மாடு இல்லை என்று சொல்லாது. மார்ஷ்மெல்லோவை மெத்தென்று வைப்பது ஜெலட்டின். அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. ஹலால் சரக்கில் பெரும்பாலும் மாடு, சிலதில் மீன். பின்பக்கம் "லெம்பு" அல்லது "போவைன்" என்று இருந்தால் மாடு. "ஈக்கான்" என்றால் மீன். எதுவும் எழுதாமல் வெறும் ஜெலட்டின் என்றால் நான் அலமாரியில் திருப்பி வைத்துவிடுவேன். பெக்டின், கராஜீனன், அகார் என்று இருந்தால் பழத்திலிருந்தோ கடல்பாசியிலிருந்தோ வந்தது, தாராளமாக வாங்குங்கள்.

பிறந்தநாளுக்கு அகார் அகாரே வீட்டில் செய்துவிடுங்களேன். 10 கிராம் தூள் பாக்கெட்டுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். தண்ணீர் ஆறியிருக்கும்போதே தூளைப் போட்டுக் கலக்குங்கள், பிறகு நன்றாகக் கொதிக்க விடுங்கள். கொதிக்காமல் இறக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கரையாத தூள் அடியில் மணலாக நிற்கும். கடைசியில் ஒரு கிண்ணம் கெட்டித் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு, மறுபடி ஒரு கொதி. தட்டில் ஊற்றிவிட்டுப் பேசாமல் இருங்கள். ஆற ஆறப் பால் தானாக மேலே ஏறி வெள்ளை அடுக்காக நிற்கும், அடியில் கண்ணாடி மாதிரி இன்னொரு அடுக்கு. இரண்டு முறை ஊற்றி அடுக்கியதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். நாமும் சொல்ல வேண்டியதில்லை.

குளிர்பெட்டி இல்லாமலேயே இது உறையும். உறைந்தது மறுபடி இளக 85 டிகிரி போலச் சூடு வேண்டும், அதனால் மண்டப வெயிலில் மேசைமேல் வைத்தாலும் நிற்கும். ஜெலட்டின் ஜெல்லி அரை மணியில் குளமாகிவிடும். சமைக்காத அன்னாசித் துண்டு போட்டால் ஜெலட்டின் உறையவே உறையாது, பழத்தில் உள்ள ஒரு நொதி அதைத் தின்றுவிடும். அகாருக்கு அந்தப் பயமும் இல்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஒரு பை ஆசாம் கெப்பிங் கொடுத்தார். புளிக்குப் பதில் மீன் குழம்பில் போடலாமா?
*வாசகி, தெலுக் இந்தான்*

போடலாம். கடைப் பாக்கெட்டில் "டாமரிண்ட் ஸ்லைஸ்" என்று அச்சடித்திருப்பார்கள். புளிய மரத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கெலுகோர் என்ற காயைச் சீவி வெயிலில் காயவைத்தது. கேரளாக்காரர் மீன் கறியில் போடும் குடம்புளிக்குப் பங்காளி. மங்குஸ்தானும் அதே குடும்பம்தான் என்று கேள்விப்பட்டபோது எனக்கே ஆச்சரியம். பினாங்கு மீன் நூடுல்ஸான லக்சாவின் புளிப்பில் இதற்குப் பெரிய பங்கு.

கரைக்க வேண்டாம், பிழிய வேண்டாம். அரைக் கிலோ மீனுக்கு மூன்று துண்டைக் கழுவிக் குழம்பு கொதிக்கும்போதே போடுங்கள். புளிப்பு மெதுவாகத்தான் இறங்கும். ஐந்து நிமிடத்தில் ருசி பார்த்துவிட்டு "புளிக்கலையே" என்று இன்னும் நாலு துண்டு போட்டீர்களோ, ராத்திரி அந்தக் குழம்பை யாரும் தொட மாட்டார்கள். குழம்பின் நிறம் புளியில் வைத்தது போலக் கறுக்காது, மஞ்சளும் மிளகாயும் பளிச்சென்று நிற்கும். நாள்பட்ட நம் வீட்டு மீன் குழம்புக்கு நான் இன்னும் புளியையே கேட்பேன். கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனுக்கும் இறால் சம்பலுக்கும் ஆசாம் கெப்பிங்.

கிளந்தான் போயிருந்தபோது நீலச் சோறு சாப்பிட்டோம். என் மகள் நீல இடியாப்பம் கேட்கிறாள். கடையில் நீலச் சாயம் வாங்க மனமில்லை.
*ஆசிரியை, கோலகங்சார்*

நீங்கள் சாப்பிட்டது நாசி கெராபு. நீலம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? உங்கள் வேலியிலேயே படர்ந்திருக்கும் சங்குப்பூ. மலாயில் புங்கா தெலாங். காம்பையும் பச்சைப் பகுதியையும் கிள்ளிவிட்டு இருபது பூவைச் சுடுதண்ணீரில் போட்டு மூடிவையுங்கள். பத்து நிமிடத்தில் பேனா மை. அந்தத் தண்ணீரிலேயே இடியாப்ப மாவு பிசையுங்கள். பூவுக்குத் தனி ருசி கிடையாது, கண்ணுக்கு மட்டும்தான்.

மகளுக்கு ஒரு வேடிக்கை காட்டுங்கள்: மிச்சத் தண்ணீரில் எலுமிச்சை பிழியுங்கள். நீலம் ஊதாவாகிவிடும். புளிப்புப் பட்டால் பூவின் நிறப்பொருள் மாறுகிறது, அவ்வளவுதான் வித்தை. அதே காரணத்தால் மாவில் புளிப்பு எதுவும் சேர்க்காதீர்கள்.

எங்கள் வீட்டில் இதில் ஒரு வழக்கு உண்டு. சங்குப்பூ சாமிக்கு என்பது என் மனைவி கட்சி. விடியற்காலையில் நான் எழுவதற்குள் கொடி காலியாகிவிடும். போன மாதம் அடுக்களைக்கு ஆறு பூ ஒதுக்கினாள், அதுவும் வெள்ளிக்கிழமை தவிர. ஆறு பூவில் வருவது வானநீலம்கூட இல்லை, சோப்புத் தண்ணீர் நிறம்.

ஐயா, லோரி ஓட்டிய காலத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த தீனி எது? பேராக் பக்கம் வந்தால் எதைத் தேடிச் சாப்பிட வேண்டும்?
*இளைஞர், ஜொகூர் பாரு*

தம்பி, இதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பிஸ்கட் பாக்கெட்டில் வருவது குறைவு. சதுரத் தகர டின், மூடியில் கண்ணாடி. தோட்டத்துக் கடையில் வரிசையாகச் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். கிலோ வந்து வருடக்கணக்கான பிறகும் தோட்டத்தில் கட்டிக் கணக்குத்தான், ஒரு கட்டி 600 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. கடைக்காரர் தகரக் கரண்டியால் அள்ளித் தராசில் போட்டு, பழைய பேப்பரைக் கூம்பாகச் சுற்றிக் கொடுப்பார். சம்பள நாளன்று கூட்டம் தாங்காது. பிள்ளைகள் கேட்பது ஒரே ஒரு பிஸ்கட்: காசு அளவு வட்டம், தலையில் ரோஸ், பச்சை, மஞ்சள் என்று கூரான சீனி முடிச்சு. முடிச்சை முதலில் கடித்துவிட்டு மொட்டைத் தலையைப் பையில் போட்டுக்கொள்வார்கள். டின்னின் அடியில் சேரும் உடைசலைக் கடைக்காரர்கள் சும்மா கொடுப்பார்கள். ரப்பர் பால்வெட்டு முடிந்து வரும் பெண்கள் அதைப் பால் விடாத கோப்பி ஓவில் கொட்டிக் கரண்டியால் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறேன். என் பேரன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

காலி டின்னைத் திருப்பி எடுப்பதும் என் வேலை. தீபாவளிக்கு முந்தின மாதம் மட்டும் ஒன்றும் திரும்பாது. "அடுத்த மாசம் வா அண்ணே" என்பார்கள். எல்லா டின்னிலும் முறுக்கு இருக்கும். முதலாளி என்னைத் திட்டுவார், நான் மறு மாதம் கேட்கும்போது டின்னோடு ஒரு கை முறுக்கும் வரும்.

நீங்கள் தேட வேண்டியதைச் சொல்கிறேன். ஈப்போ பக்கம் குனோங் ராப்பாட்டில் ஹியோங் பியா. நாண் ரொட்டியைத் தந்தூரி அடுப்பில் அறைந்து ஒட்டுவது போல, வட்ட பிஸ்கட்டை அடுப்பின் உள்சுவரில் ஒட்டிச் சுடும் பழைய முறை அங்கே இருக்கிறது, எரிப்பது தேங்காய் மட்டை. மேலே எள், உள்ளே இழுத்தால் நூலாக வரும் மால்ட் இனிப்பு. சூடாகச் சாப்பிட்டவன் ஆறினதைத் தொடமாட்டான். பழைய கைப்பக்குவத்தில் பன்றிக்கொழுப்பு சேரும். சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்கவும், இப்போது தாவர எண்ணெயில் செய்பவர்களும் உண்டு.

காம்பாரில் "கோழி பிஸ்கட்". அதில் கோழி கிடையாது. சிவப்பாகப் புளிக்கவைத்த தௌஃபு, பூண்டு, எள் எல்லாம் சேர்ந்து உப்பும் இனிப்புமாக ஒரு கடி. முதல் கடியில் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதில் பாக்கெட் முடிந்திருந்தது. இதிலும் கொழுப்பு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் நம்மவர்கள் கைவேலை. ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே கடைகள். கடலை, பட்டாணி, ஓமப்பொடி, முறுக்கு, மரவள்ளிச் சீவல் என்று பாலித்தீன் பைகளை அண்டா அண்டாவாகத் திறந்து வைத்திருப்பார்கள். எண்ணெய் வாசம் தெருமுனையிலேயே வரும். காலையில் போங்கள், வறுத்த கைச்சூடு இருக்கும். பொடி தடவாத வெறும் உப்புக் கடலையை முதலில் கேளுங்கள். அது நன்றாக இருந்தால் அந்தக் கடையில் மற்றதையும் நம்பி வாங்கலாம்.

புரட்டாசிக்கு தெம்பே வாங்கினேன். இரண்டு நாளில் கறுப்புப் புள்ளி வந்துவிட்டது. தூக்கிப் போட்டேன். சரிதானா?
*வாசகர், பாகான் செராய்*

காசு போயிற்று. அது கெட்டதன் அடையாளமில்லை. வேகவைத்த சோயாவை ஒரு பூஞ்சைதான் வெள்ளைப் பஞ்சு மாதிரிக் கட்டிப் பிடித்து தெம்பே ஆக்குகிறது. அந்தப் பூஞ்சை முதிர்ந்தால் சாம்பலும் கறுப்புமாகப் புள்ளி விடும். பிசுபிசுப்பு, ரோஸ் அல்லது ஆரஞ்சு நிறம், மூக்கைத் துளைக்கும் மூத்திர வாடை, இதில் எது இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தது ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு ஜாவாக்காரக் கடைக்காரர் மனைவி. வாழை இலையில் மடித்து வைத்திருந்த பொட்டலத்தை என் கையில் வைத்தார். சூடாக இருந்தது. வெயிலில் வைத்ததோ என்று கேட்டேன், "அது உயிரோட இருக்கு, அதான்" என்றார். ஒரு பூனைக்குட்டியைப் பிடித்திருப்பது போல லோரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மெல்லிசாகச் சீவி, உப்பு மஞ்சள் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுப் பொரியுங்கள். வாழைக்காய் வறுவலை மறப்பீர்கள். விரதக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கடையில் விற்கும் தெம்பே சம்பலில் பெலாச்சான் இருக்கும், அதாவது கூனி இறால். சில இடத்தில் நெத்திலியும். சைவம் என்று பார்வைக்குத் தெரியும், சாப்பிட்ட பிறகு தெரிய வரும்.

போன இதழில் "சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது" என்று எழுதினீர்கள். என் அப்பா சரவாக்கில் வேலை பார்த்தவர். சாகோ மரத்தின் தண்டில் எடுப்பது என்று அவர் சண்டைக்கு வருகிறார்.
*வாசகி, ரவாங்*

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சொல்வது சரி, நான் பாதியைத்தான் எழுதியிருந்தேன். சரவாக்கில் மூக்கா பக்கம் சாகோ மரத்தை வெட்டி, தண்டுக்குள் இருக்கும் சோற்றைத் துருவிக் கழுவி மாவு எடுக்கிறார்கள். "சாகோ" என்ற பெயரே அந்த மரத்திலிருந்துதான் வந்தது. தமிழ்நாட்டில் சேலம் பக்கம் செய்வது மரவள்ளி மாவில். நம் கடைகளில் "சாகோ" என்று எழுதிய பையிலும் பல நேரம் இருப்பது மரவள்ளிதான். கண்டுபிடிக்க ஒரே வழி பின்பக்கம் படிப்பது. "உபி காயு" என்றிருந்தால் மரவள்ளி.

பாயசத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் உங்கள் அப்பாவுக்காகப் போன வாரம் ஒரு சிறு பையில் நிஜச் சாகோ மாவு வரவழைத்தேன். குலா மலாக்காவும் தேங்காய்ப்பாலும் ஊற்றி ஒரு கிண்ணம் வைத்தாயிற்று. முதல் கரண்டி ருசியில்லை என்றுதான் நினைத்தேன். அவசரமாகக் கிண்டியதில் அடியில் கட்டி தட்டிவிட்டது, அது மாவின் குற்றமில்லை. அடுத்த முறை மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துவிட்டு அடுப்பில் வைக்கப் போகிறேன். எப்படி வருகிறது என்று அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் அப்பாவிடம் கேட்டு, அங்கே அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.